மூன்றாவது தட்டு

உமாராணியின் உள்ளங்கை வேல்சாமியின் இடது தோளில் பதிந்திருந்தது. பதிந்திருந்தால் பொறு என்று பொருள். கம்ப்ரசரை நிறுத்தியாயிற்று. மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. எட்டயபுரம் சாலையில் விறகுக்குக் காய்ந்த பருத்திமார் ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. அதன் இரைச்சல் தேய்ந்து, பட்டறைக்குப் பின்னாலிருந்த காட்டில் காற்றும் அடங்கியபின் அவள் கையை எடுத்தாள். ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, தோளைத் தொடாமல் ஒரு நூல் உயரத்தில் வைத்துக்கொண்டாள். வேல்சாமி கன்வர்ட்டரைத் திருப்பத் தொடங்கினார்.

இரண்டு சட்டிகளை வாயோடு வாய் வைத்துப் பற்றவைத்தது போன்ற கனத்த இரும்பு உருண்டை அது. என்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது அதுதான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை முழுக்கப் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கோத்து முடித்தபின் கடைசியாக அதை உட்கார வைக்க வேண்டும். கழுத்தை உள்ளே விட்டு, முட்டாமல் மோதாமல், இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் உள்ளேயிருக்கும் பற்கள் ஒவ்வொன்றாகக் கவ்வும். மூன்று இடத்தில் கவ்வ வேண்டும். கவ்வும்போதெல்லாம் டொக்கென்று ஒரு சின்னச் சத்தம் வரும், உருண்டை கொஞ்சம் உள்ளே போகும். மூன்றாவது, எண்ணெய்ப் பம்ப்பின் பல். அது கவ்வினால்தான் ‘உக்காந்துருச்சு’ என்று சொல்வார்கள். உட்காராமல் என்ஜினோடு சேர்த்து இறுக்கினால் பம்ப் உடைந்துபோகும்.

“கைக்குத் தெரியும். ஆனா காதுதான் கையெழுத்துப் போடணும்” என்பார் வேல்சாமி. சவுதியில், தம்மாமில் ஒரு கியர்பாக்ஸ் பட்டறையில் பல வருடம் இருந்து கற்றுக்கொண்டு வந்த வேலை. அந்த இரைச்சலிலேயே காதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டும் வந்திருந்தார். முதலில் பட்டறைக்குள் வந்து அடையும் குருவிகளின் சத்தம் போயிற்று. பிறகு செல்போன் மணி. பிறகு அவளுடைய குரல், அவள் முதுகைக் காட்டி நின்று பேசும்போது. இப்போது முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டைப் படித்துப் பாதி, ஊகித்துப் பாதி என்று சமாளிக்கிறார். டொக்கென்ற அந்தச் சின்னச் சத்தம் அவருக்குக் கேட்காமல் போன நாளில்தான் இந்த ஏற்பாடு வந்தது. அவள் பின்னால் நின்று கேட்பாள். ஒரு சத்தத்துக்கு ஒரு தட்டு. மூன்று தட்டு வந்தால் அவர் கையெடுத்துவிடுவார்.

ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் யார் வண்டியை விடுவார்கள். என்ஜின் சத்தத்தை வைத்து நோய் சொல்கிறவருக்குக் காது கேட்காது என்பதைச் சொல்லிக்கொண்டு பட்டறை நடத்த முடியுமா. வண்டி கொண்டுவருகிறவர்கள் என்ன சத்தம், எப்போது வருகிறது என்பதையெல்லாம் அவளிடம் சொல்வார்கள். அவள் இரவு சாப்பாட்டின்போது அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அதை அவருக்குச் சொல்வாள். ஓட்டிப் பார்க்கும்போதும் பக்கத்து இருக்கையில் அவள்தான். பக்கத்து வெல்டிங் கடை சுடலைக்குமார் இதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தான்.

“மாட்டுவண்டிக்கு ரெண்டு மாடு, அண்ணாச்சி வண்டிக்கு ரெண்டு டிரைவரு. மதினி ஏறலன்னா ஸ்டார்ட்டே ஆவாது.”

வேல்சாமி அவன் வாயைப் பார்த்துச் சிரிப்பார். புருஷனும் பெண்டாட்டியும் ஒட்டிக்கொண்டே திரிகிறார்கள் என்று சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும் என்று உமாராணி விட்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்குள் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது.

டொக். அவள் தோளில் தட்டினாள். எண்ணெய்க் கை. வெளிர் நீலச் சட்டையில் கறுப்பாக ஒரு புள்ளி விழுந்தது. வேல்சாமி இன்னும் திருப்பினார். டொக். இரண்டாவது புள்ளி.

அப்போது வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. சீராக ஒரு காலும், இழுத்து ஒரு காலுமாக ஜல்லியில் நடந்து வரும் ஓசையை வைத்தே வருவது யாரென்று உமாராணிக்குத் தெரிந்துவிட்டது.

சுந்தரேஸ்வரி. பிரித்துக் கிடக்கும் இந்தக் கார் அவளுடையது. பள்ளிக்கூடத்தில் உமாராணிக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவள் விடையைப் பார்த்து எழுதியவள். கழுகுமலைப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டு, இப்போது அதை அவளே பார்த்துக்கொள்கிறாள். ஒரு விபத்தில் இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் ஆட்டோமேட்டிக் கார். அது இல்லையென்றால் எங்கே போவதற்கும் யாரையாவது கேட்டு நிற்க வேண்டும். இன்றும் யாருடைய காரிலோதான் வந்து இறங்கியிருக்கிறாள்.

அவளைப் பார்த்தால் உமாராணிக்குக் கழுகுமலைக் கல்யாண மண்டபம் நினைவுக்கு வரும். பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பா வேல்சாமியிடம் குனிந்து, “மக என்ன படிக்கா?” என்று கேட்டார். வேல்சாமி நிதானமாக, “இன்னும் அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடும், பயப்படாதீங்க” என்றார். வரிசையே சிரித்தது. இலையில் கை வைத்தபடி வேல்சாமி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று நினைத்துத் தாமும் சிரித்தார். உமாராணியும் சிரித்தாள். அவர் வேண்டுமென்றே சொன்ன பகடி போலத் தோன்றட்டும் என்று, மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள். கை கழுவுகிற இடத்தில் சுந்தரேஸ்வரி அவளை ஒதுக்கிக் கேட்டாள்: “ஏட்டி, ஒன் வீட்டுக்காரவியளுக்குக் காது மந்தமா?”

“சே, சே. நாயனச் சத்தத்துல கேட்டிருக்காதுட்டி.”

அந்தக் கேள்வி இப்போது ஜல்லியில் நடந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

தான் நிற்கிற நிலையை உமாராணி வெளியிலிருந்து பார்த்தாள். பழைய நைட்டி, மேலே போட்ட துண்டு, முழங்கைவரை எண்ணெய், புருஷன் முதுகுக்குப் பின்னால் விரலை நீட்டிக்கொண்டு ஒரு பொம்பளை. என்ன செய்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது. வேல்சாமியின் கை இன்னும் திருப்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரவில்லை. சில நேரம் உடனே வரும், சில நேரம் பொழுது பிடிக்கும். சுந்தரேஸ்வரியின் நிழல் வாசல் இரும்புப் பலகையில் விழுந்தது.

உமாராணி தட்டினாள்.

தட்டிவிட்டு அந்தக் கையையே எடுத்து நெற்றி முடியை ஒதுக்குவதுபோலச் செய்து, “வாட்டி, வா வா” என்று திரும்பினாள்.

வேல்சாமி கையெடுக்கவில்லை. இன்னும் ஒரு தரம் திருப்பினார். பிறகு நிமிர்ந்து, வந்தவளைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டு, “உமா, ஸ்கேல எங்கன வச்ச?” என்றார். இரும்பு ஸ்கேலை கியர்பாக்ஸின் வாய்க்குக் குறுக்கே வைத்து, உருண்டை எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளந்து பார்ப்பது அவர் வழக்கம். காது கையெழுத்துப் போட்டாலும் அளவு முத்திரை குத்தினால்தான் அவருக்குத் திருப்தி.

ஸ்கேல் வெளியே கழுவுகிற தொட்டிக்கு மேல் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் முகத்துக்கு நேரே போய் நின்று வாயைப் பெரிதாகத் திறந்து சொல்ல வேண்டும். ஒரு தரத்தில் விளங்காது. உமாராணி தலையை மட்டும் அசைத்தாள். வேண்டாம், சரியாகத்தான் இருக்கிறது. வேல்சாமி அவளையே பார்த்தார். அவள் மறுபடி தலையசைத்துவிட்டு, சுந்தரேஸ்வரிக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

சுடலைக்குமார் வந்து ஜாக்கியைத் தள்ளினான். கரிசல் மண் வெடித்தும் ஊதியும் தரையைத் தூக்கிவிட்டிருந்ததால் சிமெண்டுத் தளம் எங்கும் விரிசல். ஜாக்கிக்குப் பலகை போட்டுத்தான் நகர்த்த வேண்டும். கியர்பாக்ஸைக் காருக்கு அடியில் கொண்டுபோய் உயர்த்தி என்ஜினோடு பொருத்தினார்கள். பொருந்தவில்லை. விரல் நுழைகிற இடைவெளி நின்றது.

“இடிக்கு அண்ணாச்சி” என்றான் சுடலைக்குமார், கையால் காட்டி.

“பொருத்துற பின்னு துருப்பிடிச்சுக் கெடக்கும். இறுக்குனா வந்துரும்” என்றார் வேல்சாமி. சொல்லும்போது காருக்கு அடியிலிருந்து அவர் கண் உமாராணியைத் தேடியது. அவள் சுந்தரேஸ்வரிக்குக் கலர் சோடா ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேறு யாராவது இடைவெளி இருக்கும்போது போல்ட்டை இறுக்கினால் அவரே ஏசுவார். இப்போது சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக இறுக்கினார். விரல் நுழைந்த இடத்தில் தீக்குச்சி மட்டும் நுழையும் என்றாயிற்று.

அப்போது ஒரு சத்தம் வந்தது. காய்ந்த பருத்திமாரை முழங்காலில் வைத்து ஒடித்தாற்போல, உள்ளுக்குள், மழுங்கலாக.

சுடலைக்குமார் ஸ்பானரைக் கீழே போட்ட நேரமும் அதுதான், அவன் கவனிக்கவில்லை. வேல்சாமிக்குக் கேட்க வழியில்லை. சுந்தரேஸ்வரி தம்ளரை இறக்கி, “என்னட்டி அது?” என்றாள்.

“போல்ட் இறுகுதுல்லா. அப்படித்தான் இருக்கும்” என்றாள் உமாராணி. அவள் குரல் ஒரு நடுக்கமும் இல்லாமல் வந்ததை அவளே கேட்டாள்.

மறுநாள் காலை சுந்தரேஸ்வரியே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினாள். உள்ளேயிருந்து கல்லைப் போட்டு அரைப்பதுபோல் ஓசை எழுந்தது. லிவரை முன்னுக்குத் தள்ளினாள். வண்டி நின்ற இடத்தில் நின்றது. பின்னுக்குத் தள்ளினாள். அதற்கும் அசையவில்லை. அடியில் சிவப்பு எண்ணெய் சொட்டி, தரை விரிசல் வழியாகக் கோடாக ஓடியது. வேல்சாமிக்கு அந்த அரைச்சல் கேட்கவில்லை. சுடலைக்குமாரின் முகத்தைப் பார்த்தார், சுந்தரேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார், பிறகு உமாராணியைப் பார்த்தார். மற்றவர்களின் முகங்களிலிருந்து அந்தச் சத்தத்தை அவர் மெல்லத் தெரிந்துகொள்வதை அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் இலைக்கு முன்னால் இருந்த அதே முகம். இந்த முறை சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

கியர்பாக்ஸை மறுபடி இறக்கிப் பிரித்தார்கள். பம்ப்பின் உடல் குறுக்கே பிளந்திருந்தது. பல் ஒன்று பெயர்ந்து எண்ணெய்த் தட்டில் நகத்துண்டு மாதிரிக் கிடந்தது. வேல்சாமி அதை எடுத்து வேட்டித் துணியில் துடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று உமாராணி எதிர்பார்த்தாள். திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம், அழலாம், அந்த அழுகையோடு உண்மையும் வந்துவிடும் என்று ஒரு நினைப்பு இருந்தது. அவர் பட்டறையை ஒட்டியிருந்த வீட்டுக்குள் போனார். பீரோவைத் திறக்கும் ஓசை கேட்டது.

திரும்பி வந்தபோது காதில் மிஷின் இருந்தது. எப்போதோ ஒரு முகாமில் வாங்கி, போட்ட அன்றே கழற்றி, டப்பாவோடு உள்ளே வைத்தது. தோல் நிறத்தில் ஒரு நத்தை போலக் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. வாசலில் நின்ற சுடலைக்குமார் பார்த்தான். சுந்தரேஸ்வரி பார்த்தாள். வேல்சாமி அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

“ஒரு விசயம் சொல்லணும்மா. எனக்கு ரெண்டு காதும் கேக்காது. கொஞ்ச வருசமாவே. அதச் சொல்லாமத்தான் ஒங்க வண்டிய எடுத்தேன். தப்பு என்னுது. பம்ப்ப நானே வரவழைச்சுப் போட்டுத் தாரேன். இந்த ஒண்ண முடிச்சுக் குடுத்துருதேன். இதுக்குப் பொறவு கியர்பாக்ஸ் வேல எடுக்கப் போறதில்ல.”

தன் குரலின் உயரம் தெரியாமல் கொஞ்சம் சத்தமாகவே பேசினார். சாலையில் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். நான்தான் என்று உமாராணி ஒரு சொல் சொன்னால் போதும், அவர் இந்த இடத்தில் இப்படி நிற்க வேண்டியதில்லை. சொல் தொண்டைவரை வந்தது. அங்கே வந்து அது, தான் எப்படித் தெரிவோம் என்று பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது.

சுந்தரேஸ்வரி சற்று நேரம் உமாராணியைத்தான் பார்த்தாள். பிறகு வேல்சாமியின் பக்கம் சாய்ந்து, பால்குடிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக, உரக்கச் சொன்னாள்: “பரவால்ல, அண்ணாச்சி. மெதுவா, பாருங்க. கேக்குதா?” மிஷின் கீச்சிட்டது. வேல்சாமி முகத்தைச் சுளித்து, உடனே சிரிப்பாக மாற்றிக்கொண்டு, “கேக்குதும்மா” என்றார். எதற்குப் பயந்து உமாராணி தட்டினாளோ அது அவள் கண்முன்னால் நடந்தது. அவளுக்கு நடக்கவில்லை. அவருக்கு நடந்தது.

போகும்போது சுந்தரேஸ்வரி அவளிடம் தணிந்த குரலில் சொன்னாள். “அன்னைக்கு மண்டபத்துலயே கேட்டேன்லா. சொல்லியிருந்தா என்னட்டி. நான் காலு மடங்காம நொண்டிக்கிட்டு ஊரு பூராவும் போறேன். செத்தா போயிட்டேன்?”

அதன்பிறகு பட்டறையின் பேச்சே மாறிவிட்டது. சுடலைக்குமார் மாட்டுவண்டிப் பகடியை விட்டுவிட்டான். வேல்சாமியைப் பார்த்தால் கையசைத்துச் சைகை செய்தான், நல்ல மனதோடுதான் செய்தான். பிரேக் பார்க்க வந்தவர்கள், அவர் பக்கத்திலேயே நிற்கும்போது, அவரைத் தாண்டி உமாராணியிடம், “அவியகிட்டச் சொல்லிருங்கம்மா” என்றார்கள். முன்பும் அவளிடம்தான் சொன்னார்கள். முன்பு அதில் அவர் இருந்தார். பம்ப் வந்து சேரும்வரை வேல்சாமி எண்ணெய் மாற்றுவதும் பிரேக் கட்டை போடுவதுமாக இருந்தார். வேலை செய்யும்போது மிஷின் கீச்சிடுகிறது என்று கழற்றி, ஆணியில் தொங்கும் சட்டையின் பைக்குள் போட்டுவைப்பார். யாராவது வாசலில் தெரிந்தால் அவசரமாகப் போய் எடுத்து மாட்டிக்கொள்வார். தண்டனையை ஒழுங்காக அனுபவிக்கிற மாதிரி இருந்தது அது.

சாப்பிடும்போது ஒருநாள் அவராகச் சொன்னார். உமாராணி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“கை இன்னும் போகலன்னுதான் சொல்லுச்சு உமா.”

அவள் நிமிர்ந்தாள்.

“ரெண்டாவதுக்குப் பொறவு அது உள்ள போன மாதிரியே இல்ல. ஆனா ஒன் வெரலு தட்டிட்டு. ஒன் வெரலு என்னைக்குத் தப்பாத் தட்டியிருக்கு? அப்ப என் கைதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். காது போன மாதிரி கையும் போயிட்டு போலன்னு.” சோற்றைப் பிசைந்தார். “அதான் போல்ட்ட இறுக்கும்போதும் கையக் கேக்கல. கையும் போனப் பொறவு என்னத்த வேல பாக்கது, சொல்லு.”

அவள் சொல்லியிருக்க வேண்டும். நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தார், வெளிச்சம் இருந்தது, அவர் கண் அவள் உதட்டில்தான் இருந்தது. “கம்ப்ரசர் சத்தமா இருந்துச்சோ என்னவோ” என்றாள். கம்ப்ரசர் நின்றிருந்தது என்பது இருவருக்குமே தெரியும். அவர் தலையாட்டிக்கொண்டு, “இருக்கும்” என்றார்.

மறுநாள் துணி துவைக்கும்போது அந்த வெளிர் நீலச் சட்டை கைக்கு வந்தது. தோளில் மூன்று கறை. முதல் இரண்டும் வட்டமாக, அழுத்தமாக, பொட்டு வைத்ததுபோல் இருந்தன. மூன்றாவது நீளவாக்கில் இழுபட்டிருந்தது. தட்டும்போதே அவள் வாசல் பக்கம் திரும்பிவிட்டிருந்தாள், அது இழுத்த கோடு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், சோப்புப் போட்டுத் தேய்த்தாள், கல்லில் அடித்தாள். மூன்றும் மங்கின, போகவில்லை. இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருந்ததை அவர் படிக்காமலா இருந்திருப்பார் என்று தோன்றியது. தோள் அவருக்குப் பின்னால் இருக்கிறது, எப்படிப் படிப்பார் என்றும் தோன்றியது.

வேல்சாமி சற்றுத் தள்ளி அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கியர்பாக்ஸின் உறையிலிருந்து பழைய கேஸ்கட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மிஷின் ஆணியில் தொங்கும் சட்டைப்பைக்குள் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டாள். பார்த்தபின்தான் பேசினாள்.

“நாந்தான். சத்தம் வராமலே தட்டுனேன். சுந்தரி வந்துட்டாளேன்னு தட்டுனேன். ஒடைஞ்ச சத்தமும் எனக்குக் கேட்டுச்சு.”

சுரண்டும் ஓசை மாறாமல் வந்துகொண்டிருந்தது. முழுவதும் சொல்லியாகிவிட்டது, ஒரு சொல் பாக்கியில்லை. நெஞ்சு ஒரு கணம் இலேசாகக்கூட ஆயிற்று. அந்த இலேசுதான் அவளை உலுக்கியது. காது கேட்காதவரின் முதுகில் போய்ச் சொல்லிவிட்டு வந்த நிம்மதி. அவர் காதை மறைக்கத் தட்டினாள், இப்போது அந்தக் காதுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறாள். ஈரச் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள், தோள்பட்டை உள்பக்கமாக வரும்படி மடித்து.

பம்ப் கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்தது. பொருத்துகிற அன்று சுந்தரேஸ்வரியும் வந்துவிட்டாள். கடைசி வேலை என்று வேல்சாமி சொல்லியிருந்ததால் சுடலைக்குமாரும் தன் கடையைப் போட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வேல்சாமி அந்த நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தார். வேலைக்கென்று வைத்திருந்த சட்டைகளில் அது ஒன்று, அவ்வளவுதான். கியர்பாக்ஸ் தாழ்ந்த மேசையில் படுத்திருந்தது. இரும்பு ஸ்கேலை முன்கூட்டியே எடுத்து வந்து பக்கத்தில் வைத்திருந்தார். காதிலிருந்து மிஷினைக் கழற்றிப் பையில் போட்டார்.

உமாராணி சுவரோரம் நின்றாள். போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வேல்சாமி திரும்பி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் வைத்தார்.

“இவளுக்குத்தான் கேக்கும்” என்று மற்றவர்களுக்குச் சொன்னார். “அன்னைக்கு என் கை சரியில்ல. இவ காது சரியாத்தான் இருக்கும்.”

“அதான பாத்தேன். ரெண்டு டிரைவரு” என்றான் சுடலைக்குமார், பழைய குரலில், கொஞ்சம் தயங்கி.

அவள் பொறு என்று கையைப் பதித்தாள். சாலையில் பஸ் ஒன்று போனது. கையை எடுத்து விரலை நீட்டினாள். வேல்சாமி கன்வர்ட்டரின் கழுத்தை உள்ளே விட்டுத் திருப்பினார். டொக். தட்டினாள். பழைய கறைக்குப் பக்கத்தில் புதுக் கறை விழுந்தது. அவர் திருப்பினார், நிறுத்தினார், மறுபடி திருப்பினார். டொக். தட்டினாள்.

மூன்றாவது வரவில்லை. வேல்சாமி இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார். அவர் முழங்கை நடுங்கத் தொடங்கியது. கனத்த உருண்டை அது, நெடுநேரம் தாங்க முடியாது. சுந்தரேஸ்வரி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

“உக்காந்துருச்சாட்டி?”

கேள்வி முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வேல்சாமிக்குக் கேட்கவில்லை. அவர் விரலுக்காகக் காத்திருந்தார். பிடரியில் வேர்வை இறங்கிச் சட்டைக் கழுத்தை நனைத்தது. இப்போதும் தட்டினால் நம்புவார் என்பது உமாராணிக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஸ்கேல் இருக்கிறது, அது வேறு சொன்னால் ஸ்கேலைச் சந்தேகப்படுவார்.

அவள் விரலை மடக்கவில்லை. மற்ற நான்கையும் விரித்து, உள்ளங்கை முழுவதையும் அவர் தோளில் வைத்து அழுத்தினாள். பொறு. வேல்சாமியின் கை நின்றது.

அவள் சுற்றி வந்து மேசைக்கு அந்தப் பக்கம், அவர் முகத்துக்கு நேரே நின்றாள். வெளிச்சம் தன் வாயில் விழும்படி நின்றாள்.

“இன்னும் உக்காரல” என்றாள். அவர் தலையாட்டினார். அவள் பின்னால் திரும்பிப் போவதற்காகக் காத்திருந்தார். அவள் போகவில்லை.

“அன்னைக்கும் உக்காரல. தெரிஞ்சேதான் தட்டுனேன்.”

வேல்சாமி அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மூடியபிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். சுடலைக்குமார் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். வேல்சாமி குனிந்து, கன்வர்ட்டரைப் பிடித்திருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார், யாருடையவோ கைகளைப் பார்ப்பதுபோல.

பிறகு மெதுவாக, மிக மெதுவாக, மறுபடி திருப்பத் தொடங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். இடது தோளில் ஐந்து விரலும் பதிந்த ஈரக் கறை இருந்தது. அதற்குப் பின்னால் அவள் நிற்கிற இடம் காலியாக இருந்தது.